சிஸ்டர் சொன்னதைத் தாழ்ச்சி என்று நினைத்தேன்

இதைப் படிக்கும்போது என்னைத் திட்ட வேண்டும் என்று உங்களுக்குத் தோன்றும். தாராளமாகத் திட்டுங்கள். ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து நான் என்னையே திட்டிக்கொண்ட அளவுக்கு யாரும் திட்டிவிட முடியாது. ஆனால் திட்டி முடித்த பிறகு கடைசிவரை படியுங்கள். உங்கள் வீட்டில் யாருக்காவது மனநோய் வந்தால் யாரிடம் எதற்குப் போக வேண்டும் என்பதாவது தெரிந்திருக்கட்டும். எனக்குத் தெரியவில்லை. தெரியாது என்பதுகூட எனக்குத் தெரியவில்லை.

நான் வேடசந்தூர்ப் பக்கம் ஒரு நூல் மில்லில் பஸ் ஓட்டுகிறேன். ஷிப்டுக்கு ஆட்களை ஏற்றி இறக்கும் வேலை. வீடு திண்டுக்கல்லில். என் மனைவி ஜெசிந்தா அதே மில்லில் வேலை பார்த்தவள், என் பஸ்ஸில் வந்து போனவள்தான். வாயாடி. டிரைவர் சீட்டுக்குப் பின்னால் உட்கார்ந்து, "எந்தப் பள்ளத்தையும் விட்டுறாதீங்க, எல்லாத்துலயும் எறக்கி ஏத்துங்க" என்று என்னைக் குத்திக்கொண்டே வருவாள். கல்யாணமாகி நாலு வருஷம் கழித்துப் பெண் குழந்தை பிறந்தது. சுகப்பிரசவம். முதல் பிரசவம் என்றால் தாய் வீட்டுக்குப் போவதுதான் வழக்கம், ஆனால் டவுனில் ஆஸ்பத்திரி பக்கம் என்பதால் அத்தை, அதாவது ஜெசிந்தாவின் அம்மா, எங்கள் வீட்டுக்கே வந்து தங்கினார்.

பத்தாம் நாளிலிருந்து ஜெசிந்தா தூங்கவில்லை. பிள்ளை தூங்கினாலும் இவள் விழித்தே இருந்தாள். பன்னிரண்டாம் நாள் காலையில் என்னை அடுப்படிக்குக் கூப்பிட்டு, அத்தைக்குக் கேட்காத குரலில் சொன்னாள்: "ஏங்க, இது நம்ம பாப்பா இல்ல. ஆஸ்பத்திரியில மாத்திட்டாங்க. நம்ம பாப்பாவுக்குக் காதுகிட்ட மச்சம் இருந்துச்சு."

எங்கள் குழந்தைக்கு எங்கேயும் மச்சம் இல்லை. விளையாடுகிறாள் என்று நினைத்துச் சிரித்தேன். அவள் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுபோனது. அடுத்த நாள் கோவில் மைக்கில் தன் பெயரைச் சொல்லித் திட்டுகிறார்கள் என்று காதைப் பொத்திக்கொண்டு மூலையில் ஒடுங்கினாள். அன்றைக்கு மைக் போடவே இல்லை.

பெரியாஸ்பத்திரியில் மனநலப் பிரிவுக்குக் கூட்டிப்போனேன். மில் ஆட்கள் யாராவது பார்த்துவிடுவார்களோ என்று துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பயம் ஒரு பக்கம், வெட்கம் ஒரு பக்கம். கேவலம், அன்றைக்கு வெட்கம்தான் பெரிதாக இருந்தது. டாக்டர் கண்ணாடி போட்டவர், சளசளவென்று பேசாதவர். ஜெசிந்தாவிடம் நிதானமாகப் பேசினார், என்னிடமும் அத்தையிடமும் கேட்டார். பிறகு விளக்கினார்.

"இது பிரசவத்துக்குப் பின்னாடி சில பேருக்கு வர்ற மனநோய். சைக்கோசிஸ்னு சொல்லுவோம். இல்லாத குரல் கேக்கும், நடக்காதது நடந்த மாதிரி தோணும். அவங்களுக்கு அது நெசம், அதனால வாதாடாதீங்க. பேயும் இல்ல, கொழுப்பும் இல்ல. குணமாகும். ஆனா மாத்திரைய ஒரு நாளும் விடக் கூடாது. நல்லாயிட்டாங்கன்னு நீங்களா நிறுத்தக் கூடாது. கைப்புள்ளக்காரி. விட்டா எங்க கொண்டுபோய் விடும்னு சொல்ல முடியாது."

தலையை ஆட்டினேன். இப்போது நினைத்தால் அந்தத் தலையை எங்காவது கொண்டுபோய் முட்டிக்கொள்ளலாம் போல இருக்கிறது.

மாத்திரை வேலை செய்தது. குரல் கேட்பது நின்றது, பிள்ளையை மாற்றிவிட்டார்கள் என்ற பேச்சு போனது. ஆனால் எங்கள் கண்ணுக்கு அது தெரியவில்லை. தெரிந்ததெல்லாம் தூக்கம்தான். பகலிலும் தூங்கினாள். தாய்ப்பாலை இப்போதைக்கு நிறுத்தி மாவுப்பால் கொடுக்கச் சொல்லியிருந்தார் டாக்டர். பிள்ளை அழும், அத்தை பாட்டிலோடு ஓடுவார், இவள் சுவரைப் பார்த்தபடி இருப்பாள். சோறு வேண்டுமா என்று கேட்டால் பதில் வருவதற்குள் சோறு ஆறிவிடும். "எம்மக இப்புடியே மந்தமாப் போயிருவாளோ மாப்ள?" என்று அத்தை அழுவார். எனக்கும் அதே பயம்தான். மிரட்டி அவரை அடக்குவேன், அப்புறம் பஸ்ஸில் உட்கார்ந்து நான் அழுவேன்.

அந்த நேரத்தில்தான் எங்கள் பங்கில், அதாவது நாங்கள் போகும் சர்ச்சில், ஒரு சிஸ்டரைப் பற்றிச் சொன்னார்கள். ஊருக்கு ஒதுக்குப்புறமாக உள்ள கன்னியர் மடத்தில் புதன்கிழமைதோறும் கவுன்சிலிங் கொடுக்கிறார் என்றார்கள். கூட்டிப்போனேன். சுவரில் கண்ணாடி போட்டுச் சான்றிதழ் மாட்டியிருந்தது. அதில் என்ன எழுதியிருந்தது என்று நான் படிக்கவில்லை. முத்திரையும் கையெழுத்தும் இருந்தன, அது போதும் எனக்கு. பஸ்ஸை இன்னொருவன் கையில் கொடுப்பதாக இருந்தால் லைசென்ஸைப் புரட்டிப் பார்ப்பேன், பேட்ஜ் நம்பரைக்கூடப் பார்ப்பேன். மனைவியை ஒப்படைக்கும்போது எதையும் பார்க்கவில்லை.

சிஸ்டர் முன்னால் ஜெசிந்தா ஒரு மணி நேரம் அழுதாள். வெளியே வந்தபோது முகம் தெளிந்திருந்தது. பல நாளுக்குப் பிறகு என் பக்கம் திரும்பி, "பசிக்குதுங்க" என்றாள். எனக்கு உயிர் வந்த மாதிரி இருந்தது.

அப்போது சிஸ்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னதை ஒரு வார்த்தை மாறாமல் எழுதுகிறேன். "தம்பி, ஒண்ணு சொல்லிடுறேன். நான் டாக்டர் இல்ல. கவுன்சிலிங் படிச்சிருக்கேன், அம்புட்டுத்தான். மனசுல உள்ளத பேச வைப்பேன், தெம்பு சொல்லுவேன். இந்த வியாதிய என்னால குணமாக்க முடியாது. அது டாக்டரோட மாத்திரைதான். அத விட்டுறாதீங்க."

இதைவிடத் தெளிவாக ஒரு மனுஷி எப்படிச் சொல்வார்? ஆனால் நாங்கள் எப்படிப்பட்ட ஆட்கள் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டும். எங்கள் சர்ச் சாமியாரிடம் போய், "சாமி, பிரசங்கம் ரொம்ப நல்லா இருந்துச்சு" என்றால், "நான் என்னத்தச் சொன்னேன், எல்லாம் ஆண்டவர்" என்பார். ஏதாவது ஒரு சிஸ்டரிடம், "உங்க செபத்துலதான் எங்களுக்குப் பிள்ளை பொறந்துச்சு" என்றால், "நான் யாருப்பா" என்று சிரிப்பார். அவர்கள் 'ஒன்றுமில்லை' என்றால் நிறைய இருக்கிறது என்று எடுத்துக்கொள்வது எங்கள் பழக்கம். அதற்கு நாங்கள் வைத்திருக்கும் பெயர் தாழ்ச்சி, அதாவது பணிவு. சின்ன வயதில் சர்ச்சில் நடக்கும் மறைக்கல்வி வகுப்பிலேயே படித்துவிடுகிறோம். 'நான் டாக்டர் இல்ல' என்று சிஸ்டர் சொன்னதும் என் மனது, 'பாரு, எவ்வளவு தாழ்ச்சி! இவங்க டாக்டருக்கும் மேல' என்று சொன்னது.

மூன்றாவது புதன்கிழமையோடு நானே மாத்திரையை நிறுத்தினேன். பேச்சிலேயே குணமாகும்போது எதற்கு இந்தத் தூக்க மாத்திரை என்று தோன்றியது. அது தூக்க மாத்திரை என்று நானே பெயர் வைத்துக்கொண்டேன். ஜெசிந்தாவிடம், "டாக்டர் போதும்னு சொல்லிட்டாரு" என்றேன். அத்தையிடமும் அதையே சொன்னேன். ஆஸ்பத்திரிக்கு நான் மட்டும் போய், "வீட்டுல நல்லா இருக்கா சார், பிள்ளையத் தூக்கிட்டு வர முடியல" என்று சொல்லி மாத்திரையை வாங்கிவந்து பஸ் சீட்டுக்கு அடியில் போட்டேன். "மாத்திரை சாப்பிடுறாளா?" என்று சிஸ்டர் ஒவ்வொரு புதனும் கேட்டார். "சாப்பிடுறா சிஸ்டர்" என்று ஒவ்வொரு புதனும் சொன்னேன்.

முதல் பத்து நாள் வீடு திருவிழா மாதிரி இருந்தது. மந்தம் போய்விட்டது. பிள்ளையைக் குளிப்பாட்டினாள், மீன் குழம்பு வைத்தாள், என் சட்டை அழுக்கைப் பார்த்துத் திட்டினாள். நான் மார்தட்டிக்கொண்டேன். பிறகு தூக்கம் குறைந்தது. புதுத் தெம்பு என்றே நினைத்தோம். ஊருக்குப் போக வேண்டும் என்றாள். நிலக்கோட்டைக்குப் பக்கத்தில் அத்தையின் கிராமம், சின்னதாக ஒரு மல்லிகைத் தோட்டம் உண்டு. இரண்டு நாள் லீவு போட்டு எல்லாரையும் கூட்டிப்போனேன்.

மறுநாள் விடியற்காலையில் தோட்டத்தில் பூ எடுத்துக்கொண்டிருந்தார்கள். நான் வீட்டில் டீ குடித்துக்கொண்டிருந்தேன். ஜெசிந்தா பிள்ளையோடு அம்மாவைப் பார்க்கப் போயிருக்கிறாள் என்று இருந்தேன். அவள் போனது கிணற்றுக்கு.

பூ எடுக்க வந்த முத்தம்மா என்கிற பெண்தான் பார்த்திருக்கிறார். கிணற்று விளிம்பில் பிள்ளையோடு நின்று குனிந்து பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். முத்தம்மா கத்தவில்லை, ஓடவில்லை. அந்த அறிவுக்கு நான் கும்பிடுகிறேன். கூடையோடு மெதுவாகப் பக்கத்தில் போய், "ஏத்தா, கை வலிக்கலையா? பிள்ளைய இங்கிட்டுக் குடு, செத்த நேரம் இந்தக் கூடையப் புடி" என்றிருக்கிறார். இவளும் கொடுத்துவிட்டாள். கொடுத்த அடுத்த நொடி கிணற்றின் பக்கம் திரும்பினாள். ஒரு கையில் பிள்ளை, இன்னொரு கையில் இவள் சேலை. அப்படியே பின்னால் இழுத்துப் போட்டுவிட்டுத்தான் முத்தம்மா கத்தினார்.

நான் ஓடிப்போனபோது ஜெசிந்தா செம்மண்ணில் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்து, "உள்ள நம்ம பாப்பா அழுகுதுங்க. இதப் போட்டுட்டு அத எடுத்துட்டு வந்துர்றேன்" என்றாள். கெஞ்சிக் கேட்டாள்.

அன்றைக்கே பெரியாஸ்பத்திரியில் சேர்த்தோம். பெண்கள் வார்டில் அத்தை கூட இருந்தார். நான் வெளியே வராந்தாவில். பிள்ளை என் அக்காவிடம். ஜெசிந்தா சாப்பிட மறுத்தாள், யார் கிட்டே போனாலும், "என் பிள்ளையக் கொண்டா" என்று அலறினாள். வராந்தா வரைக்கும் கேட்கும். கதவுப் பக்கம் போவேன், திரும்புவேன். மாதாவே, என்னை எடுத்துக்கோ, அவளை விட்டுடு என்று எத்தனை தடவை சொன்னேன் என்று கணக்கு இல்லை.

"மாத்திரை ஒழுங்காச் சாப்பிட்டாங்களா?" சேர்க்கும்போதே டாக்டர் கேட்டார். அத்தை அப்போது வார்டுக்குள் இருந்தார். என் வாயிலிருந்து, "சாப்பிட்டா சார்" என்று வந்தது. நர்ஸ் கேட்டு எழுதும்போதும் அதையே சொன்னேன். கிணற்றடியில் நடந்தது என் தப்பு என்று ஒத்துக்கொள்ள எனக்குத் தைரியம் இல்லை.

அடுத்த நாள் தாடி வைத்த இளைஞர் ஒருவர் வந்தார். கோட்டு இல்லை. டாக்டர் என்று நினைத்து எழுந்து நின்றேன். "உக்காருங்கண்ணே. நான் மருந்து எழுதுற டாக்டர் இல்ல, கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்" என்றார். அவரும் மாத்திரையைப் பற்றிக் கேட்டார், அவரிடமும் அதே பொய். கூடவே எனக்குக் கோபமும் வந்தது. "மருந்து குடுக்க மாட்டீங்கன்னா நீங்க எதுக்கு சார் இங்க?" என்றேன்.

அவர் கோபப்படவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து சொன்னார். "இங்க பெரிய டாக்டர் எம்.பி.பி.எஸ். முடிச்சு, அதுக்கு மேல மனநோய்க்குன்னே எம்.டி. படிச்சவரு. அவருதான் சைக்கியாட்ரிஸ்ட். மாத்திரை, ஊசி, ஷாக் எல்லாம் அவரு பொறுப்பு. நான் படிச்சது சைக்காலஜி, அதுக்கு மேல ஆஸ்பத்திரியில ரெண்டு வருசம் பயிற்சியோட எம்.பில். மத்திய அரசு கவுன்சில்ல பதிவு நம்பர் இருக்கு, கேட்டா காட்டுவேன். மனசோட நிலைமைய டெஸ்ட் வச்சுப் பாப்பேன், முறைப்படி பேசிச் சிகிச்சை குடுப்பேன். சில பேரு பிஎச்.டி. வாங்கிட்டுப் பேருக்கு முன்னாடி டாக்டர்னு போடுவாங்க. அது படிப்புக்குள்ள மரியாதை. அதுக்காக மருந்து எழுத முடியாது."

"அப்ப இவகிட்டப் பேசுங்க சார், பேசினா சரியாகிருவா."

"இப்ப முடியாதுண்ணே. கால் ஒடிஞ்சவங்கள முதல்ல கட்டுப் போடணும், அப்புறம்தான் நடக்கப் பழக்கணும். மருந்து கட்டு. நான் அப்புறம் வருவேன்."

இவர் தானாகச் சொன்னதை சிஸ்டரிடமும் ஒரு நாள் கேட்டிருந்தால் போதுமே என்று நினைத்தேன். நீங்கள் என்ன படித்தீர்கள், எதைச் செய்வீர்கள், எதைச் செய்ய மாட்டீர்கள். மூன்று கேள்வி. நான் கேட்காமலேயே சிஸ்டர் பதில் சொன்னார், அதைத்தான் நான் குப்பையில் போட்டேன்.

நாலாம் நாளும் ஜெசிந்தா தண்ணீர்கூட ஒழுங்காகக் குடிக்கவில்லை. டாக்டர் என்னை அறைக்குக் கூப்பிட்டார். "ஒரு மாசத்துக்கு மேல மாத்திரை சாப்பிட்டும் இப்படி ஆயிருக்குன்னா, அந்த மாத்திரை இவங்களுக்குக் கேக்கலன்னு அர்த்தம். உயிருக்கு ஆபத்து இருக்கு, காத்திருக்க முடியாது. ஷாக் ட்ரீட்மெண்ட் குடுக்கலாம்னு இருக்கோம். சினிமாவுல காட்டுற மாதிரி இல்ல. மயக்க மருந்து குடுத்துத்தான் செய்வோம், சில நொடிதான், வலி தெரியாது. நாளைக்குக் காலையில மயக்க டாக்டர் பார்ப்பாரு. யோசிச்சுக் கையெழுத்துப் போடுங்க" என்றார்.

நல்ல மனுஷன், பொறுமையாகச் சொன்னார். எனக்குக் காதில் விழுந்தது ஒன்றுதான். 'அந்த மாத்திரை கேக்கல.' மாத்திரை கேட்டதே! கேட்டதை நிறுத்தியவன் நான் அல்லவா முன்னால் உட்கார்ந்திருக்கிறேன். படிவத்தை வாங்கிக்கொண்டு வெளியே வந்தேன். வாய் திறக்கவில்லை. அவ்வளவு பெரிய கோழை நான்.

வராந்தாவில் மும்தாஜ் மேடம் உட்கார்ந்திருந்தார். காட்டன் சேலை, தோளில் ஒரு துணிப்பை. இரண்டு நாளாக என்னிடம் பேச வந்தவரை, ஏதோ சான்றிதழ் எழுதும் ஆள் என்று நினைத்து, "அப்புறம் பாக்கலாம் மேடம்" என்று விரட்டியிருந்தேன். அவர் மனநல சமூகப் பணியாளர். சமூகப் பணி படித்து, அதற்கு மேல் மனநோய் ஆஸ்பத்திரிப் பயிற்சி முடித்தவர். நோயாளியைச் சுற்றியிருக்கும் குடும்பத்தைப் பார்ப்பது அவர் வேலை. என்னைப் போன்றவர்களைப் பார்ப்பதுதான் வேலை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

"உங்க அத்தைகிட்ட இப்பத்தான் பேசிட்டு வாரேன்" என்றார். "மூணு வாரத்துக்கு முந்தியே டாக்டர் மாத்திரைய நிறுத்தச் சொல்லிட்டாருன்னு சொல்றாங்க. இங்க சேக்குற வரைக்கும் சாப்பிட்டாங்கன்னு நீங்க சொல்லியிருக்கீங்க. ரெண்டுல ஒண்ணத்தான் நான் டாக்டருக்கு எழுத முடியும். எத எழுதட்டும்?"

நான் படிவத்தை மடித்துக்கொண்டே இருந்தேன். அவர் குரலை உயர்த்தவில்லை. "இந்த மாதிரி மாத்திரைய நிறுத்தின வீட்டுக்காரங்கள நான் நெறையப் பாத்திருக்கேன். எல்லாரும் பாசத்துலதான் நிறுத்துவாங்க. ஆனா மறைச்சா டாக்டர் இருட்டுல வண்டி ஓட்டுற மாதிரி ஆயிரும். நீங்க டிரைவர்தான?"

அந்த இடத்தில் உடைந்தேன். வராந்தாவில் போகிறவர் வருகிறவர் பார்க்க வாய்விட்டு அழுதேன். எல்லாவற்றையும் சொன்னேன். அவர் எழுதவில்லை. "நீங்களே போய்ச் சொல்லுங்க" என்று டாக்டர் அறை வரைக்கும் கூட வந்தார்.

டாக்டர் கேட்டுவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். "மாத்திரை வேலை செஞ்சிருக்கு. நீங்கதான் செய்ய விடல" என்றார். அவ்வளவுதான் திட்டினார். பிறகு நர்ஸைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் மாற்றி எழுதினார். உடனே ஊசி, அப்புறம் பழைய மாத்திரையையே திரும்பக் கொடுப்பது, நர்ஸ் நின்று விழுங்கவைத்து வாயைத் திறந்து பார்ப்பது, மூன்று நாளில் மாற்றம் இல்லாவிட்டால் ஷாக். "ஷாக் தண்டனை இல்ல. தேவைப்பட்டாக் குடுப்போம். ஆனா உண்மை தெரிஞ்சு முடிவு பண்ணணும்" என்றார்.

அத்தையிடம் சொன்னதுதான் அதைவிடக் கஷ்டம். அடிப்பார் என்று எதிர்பார்த்தேன். அடித்திருக்கலாம். "என் பேத்தியையும் சேத்துல்ல மாப்ள..." என்று தொடங்கி முடிக்காமல் உள்ளே போய்விட்டார். ஆறு நாள் என்னிடம் பேசவில்லை. ஆனால் தினமும் காலையில் இட்லிப் பொட்டலத்தில் பாதியை நான் உட்காரும் பெஞ்சில் வைத்துவிட்டுப் போவார். நான் இருக்கிறேனா என்று திரும்பிப் பார்க்காமல் வைப்பார்.

விஷயம் கேள்விப்பட்டு சிஸ்டர் வந்தார். "நான் சொன்னேனே தம்பி" என்றார்.

"தாழ்ச்சியில சொல்றீங்கன்னு நினைச்சேன் சிஸ்டர்."

அவர் முகம் சிவந்தது. "என்ன தாழ்ச்சி? தெரியாதத தெரியாதுன்னு சொல்றது தாழ்ச்சியா? உண்மை தம்பி அது! ஒரு வருசம் டிப்ளமோ படிச்சவ நான். சுவத்துல மாட்டியிருக்குல்ல, வாசிச்சிருக்கலாம்ல?" என்று சத்தம் போட்டார். அப்புறம் பக்கத்தில் உட்கார்ந்து அவரும் அழுதார். மாத்திரைச் சீட்டை ஒரு நாளாவது வாங்கிப் பார்த்திருக்க வேண்டும் என்று தன்னையே நொந்துகொண்டார். அவர் மேல் ஒரு தப்பும் இல்லை. இதைத் தெரிந்தவர்கள் எல்லாரிடமும் சொல்கிறேன்.

மூன்று நாளும் நான் சாகாமல் செத்தேன். மூன்றாம் நாள் அரை டம்ளர் கஞ்சி குடித்தாள். ஷாக் தேவைப்படவில்லை. இரண்டாவது வாரம் குரல்கள் அடங்கின. ஒரு மத்தியானம் அத்தை வராந்தாவுக்கு ஓடிவந்து, ஆறு நாள் கோபத்தையும் மறந்து என் கையைப் பிடித்தார். "மாப்ள, 'பாப்பா பால் குடிச்சுச்சா'ன்னு கேக்குறா." அக்கா பிள்ளையைக் கொண்டுவந்தாள். நர்ஸ் பக்கத்தில் நிற்க, ஜெசிந்தா வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, காதைத் தடவிப் பார்த்தாள். அதற்குப் பிறகு தாடிக்காரத் தம்பி வந்து தினமும் அவளோடு பேசத் தொடங்கினார்.

வீட்டுக்கு அனுப்புவதற்கு முந்தின நாள் மும்தாஜ் மேடம் எங்கள் மூன்று பேரையும் உட்காரவைத்தார். இன்னும் பல மாதங்களுக்கு மாத்திரை உண்டு, வீட்டில் ஒருவர் பொறுப்பாக எடுத்துக் கொடுக்க வேண்டும், யார் என்று கேட்டார். நான் கையை நீட்டினேன். இனி உயிரே போனாலும் ஒரு வேளை தவறவிட மாட்டேன் என்று வாய்வரை வந்தது.

"அவரு வேணாம் மேடம்" என்றாள் ஜெசிந்தா.

என் பக்கம் திரும்பினாள். கண்ணில் கோபம் இல்லை. இருந்திருந்தால் தேவலை. "டாக்டரு போதும்னு சொன்னாருன்னு சொன்னீங்க. எனக்கு அப்ப என் புத்தி மேல நம்பிக்கை இல்ல. உங்க மேலதான் இருந்துச்சு" என்றாள். "அம்மா குடுக்கட்டும்."

மாத்திரைப் பையை அத்தையிடம் கொடுத்தேன். இன்றைக்கும் அவர்தான் கொடுக்கிறார். அந்த நேரத்துக்கு எங்கே இருந்தாலும் வீட்டுக்கு வந்து ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுபோய் நீட்டுவேன். தண்ணீரை மட்டும் என் கையிலிருந்து வாங்கிக்கொள்கிறாள்.